எண்ணெய்ப் பாட்டிலின் தக்கை

"இன்னைக்கு ஒரு நாள் அந்த முள்ளைப் பார்க்காட்டி என்ன, குடியா முழுகிடும்?" என்று கேட்டது நான்தான். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்கு என் மகள் வருவதாக இருந்தது. எட்டு மாதம் கழித்து வருகிறாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய பாய்மரப் படகில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். வீட்டை விற்றுத்தான் படகு வாங்கினோம், அதனால் வீட்டுக்காரர் என்று சொல்வதுகூட இப்போது சும்மா மரியாதைக்குத்தான். "படகு ஒழுங்காகட்டும், அதுவரைக்கும் பிள்ளை எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று அண்ணன் சொன்னபோது ஏதோ ஒரு மாதம் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது பள்ளி விடுமுறை. இந்த விடுமுறைக்கு எங்களோடு இருந்து பார்க்கட்டும், சரிப்பட்டு வந்தால் இங்கேயே இருந்துவிடட்டும், துறைமுக வாசலுக்கே பள்ளிப் பேருந்து வருகிறது என்று ஒருவழியாகப் பேசி முடித்திருந்தோம்.

அண்ணன் லேசில் சம்மதித்துவிடவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறார். உப்புப் பொட்டலத்தைக்கூடத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி தேடுகிற ஆள். நீச்சலும் தெரியாது. போனில் மூன்று கேள்வி அனுப்பினார். அவள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? தீயணைக்கும் கருவி எங்கே மாட்டியிருக்கிறது? கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் வேலை செய்கிறதா? "இருக்கு மச்சான், மாட்டியிருக்கு மச்சான், செய்யுது மச்சான்" என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே மூன்றுக்கும் பதில் போட்டார். இவர் இருபத்திரண்டு வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் குப்பை கொட்டியவர். சிக்னல்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அண்ணனும் தலையாட்டிவிட்டார்.

கேஸ் விஷயத்தில் இவர் செய்கிற அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. தினமும் காலையில் மேல்தளத்துக்குப் போய், படகின் பின்பக்கத்தில் சிலிண்டருக்கென்றே இருக்கும் பெட்டியைத் திறப்பார். சிலிண்டர் திறந்திருந்தால் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியின் முள் ஏறி நிற்கும். சிலிண்டரை மூடிவிட்டுப் பத்து நிமிஷம் முள்ளையே முறைத்துக்கொண்டு நிற்பார். முள் அசையாமல் நின்றால் எங்கும் கசிவில்லை. இறங்கினால் எங்கேயோ ஓட்டை. முள் பாஸ் ஆன பிறகுதான் எனக்கு டீ. நானும் பதினைந்து வருஷம் மாணவர் விடுதிச் சமையலறையில் வெந்தவள்தான், பெரிய பெரிய சிலிண்டர்களை உருட்டியவள்தான். எனக்கே பாடமா என்று எரிச்சல் வரும். அன்று காலை வேலை தலைக்கு மேல் கிடந்தது. அதனால்தான் அந்த முழுகுகிற பேச்சு. இவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். முந்தின நாள் சாயங்காலம்தான் புது சிலிண்டர் மாட்டியிருந்தார். நான் தீக்குச்சியைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தேன், டீ போட்டேன், குடித்தோம்.

பதினொரு மணி இருக்கும். அவளுக்காக வாங்கிய தண்ணீர் பாட்டில்களைத் தரைக்கு அடியில் அடுக்கலாம் என்று சமையல் மூலையில் ஒரு தரைப்பலகையைத் தூக்கினேன். மூன்று நாளாக எனக்கு ஜலதோஷம், மூக்கு கல் மாதிரி அடைத்திருந்தது. இவர் மூக்கோ பொடி போட்டுப் போட்டு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. அப்படியும் குனிந்த உடனே சுரீர் என்று ஏறியது. அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். பதினைந்து வருஷம் பழகின நாற்றம்.

கேஸ்.

விடுதியில் கேஸ் கசிந்தால் ஜன்னலைத் திறப்போம், கதவைத் திறப்போம், கதவுக்கு அடியில் தவழ்ந்து வெளியே போய்விடும். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போகும். படகின் அடிவயிற்றில் கதவா வைத்திருக்கிறார்கள்? வந்தது வந்ததுதான். ஒரு பொறி போதும், ஒரு சுவிட்ச் தட்டினால் போதும்.

இவர் அந்த நேரம் பார்த்து, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற மோட்டாரின் சுவிட்ச் பக்கம் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க!"

நான் போட்ட கத்தலில் இவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "என்னடி, என்னாச்சு?"

"கேஸ். கீழ முழுக்க கேஸ். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மேல போங்க. சிலிண்டரை மூடுங்க!"

"அடுப்பு சுவிட்சு காலையிலயே அணைச்சாச்சே..."

"மூடுங்கன்னா மூடுங்க!"

இரண்டு பேரும் படியில் முட்டிக்கொண்டு ஏறினோம். பெட்டியைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அறைந்தது. இவர் சிலிண்டரின் திருகை அவசரமாக மூடினார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு, அதை அணைத்தால் குழாயில் கேஸ் நின்றுவிடும். கொஞ்ச நாளாகச் சோம்பேறித்தனம் பிடித்து அதை மட்டும் அணைத்துவிட்டு, மேலே ஏறி வந்து சிலிண்டரை மூடாமலே இருந்தோம். ஆனால் கசிந்தது அந்த சுவிட்சுக்கு முன்னாலேயே. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேருகிற கழுத்தில். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம்.

"பழைய சிலிண்டரோட ஒட்டிக்கிட்டு போயிருக்கு. கடைக்காரன்கிட்ட குடுத்துட்டேன். பார்க்கல" என்றார்.

சரி, வளையம் இல்லை, கசிந்தது. ஆனால் அதற்காகத்தானே அந்தப் பெட்டி? பெட்டிக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. எவ்வளவு கசிந்தாலும் அந்தத் துளை வழியாகக் கடல் பக்கம் வழிந்து போய்விட வேண்டும். படகுக்குள் வரவே கூடாது.

இவர் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் மெல்லப் பெட்டிக்குள் கையை விட்டேன். எனக்குத் தெரியும், அங்கே என்ன இருக்கிறது என்று. துணி சுற்றிய ஒரு தக்கை. என் எண்ணெய்ப் பாட்டிலின் தக்கை. நான் அடைத்தது.

சொல்லிவிடுகிறேன். மகள் படுப்பதற்காகப் பின்பக்கம் ஒரு சின்ன அறை ஒதுக்கியிருந்தோம். அவள் இல்லாத எட்டு மாதமும் நான் அங்கேதான் படுத்தேன். இவர் குறட்டை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தால்தான் கொஞ்சமாவது கண் மூடும். அந்தப் படுக்கையின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சிலிண்டர் பெட்டி. அலை வந்து துளையில் ஏறி இறங்கும்போதெல்லாம் காதுக்குள்ளேயே களக், களக் என்று குடிக்கிற சத்தம். பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். அவள் வந்து இங்கே படுத்தால் அவள் தூக்கமும் கெடுமே என்றுதான் போன வாரம் தக்கையை எடுத்து இறுக்கி அடைத்தேன். அருமையாகத் தூங்கினேன். இவரிடம் சொன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார் என்று சொல்லவில்லை.

பெட்டி நிரம்பி, குழாய் உள்ளே வருகிற இடத்தில் காய்ந்து வெடித்திருந்த ரப்பர் பூச்சு வழியாகக் கேஸ் உள்ளே வழிந்திருக்கிறது. அந்த இடம் அவள் தலையணைக்கு நேர் மேலே.

தக்கையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். இவர் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரம் யாராவது எங்களைப் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருப்பார்கள். மூடியிருந்த ஜன்னல், மேல்கதவு எல்லாவற்றையும் திறந்தோம். ஒரு பழைய பாய்த்துணியை மேல்கதவுக்கு மேலே கட்டி, வீசுகிற காற்றை உள்ளே திருப்பிவிட்டோம். பிறகு வாளியை எடுத்தோம். கனமான கேஸ்தானே, தண்ணீர் மாதிரியே மொண்டு ஊற்றலாம். இவர் கீழே நின்று பள்ளத்திலிருந்து காலி வாளியை மொள்வார், மூச்சுப் பிடித்துக்கொண்டு மேலே நீட்டுவார். நான் வாங்கிக் கடலில் கவிழ்ப்பேன். உள்ளே ஒன்றும் இல்லாத வாளி. கவிழ்த்தால் ஒன்றும் விழாத வாளி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை இவர் மேலே வந்து மூச்சு வாங்குவார், நான் இறங்குவேன்.

பக்கத்துப் படகில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தண்ணி ஏறிடுச்சா?"

"இல்லீங்க, காத்து ஏறிடுச்சு. மொதல்ல அந்த சிகரெட்டை அணைச்சுட்டு அந்தப் பக்கம் போங்க!"

மனிதர் சிகரெட்டைத் தண்ணீரில் போட்டார், பிரஷ்ஷைப் போட்டார், படகுகளைக் கட்டியிருக்கும் கரைப்பாலத்தின் மறுகோடி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

"இவ்வளவு கேஸ் கீழ நின்னிருக்கு, அந்த அலாரம் ஏன் கத்தல?" என்று வாளியை வாங்கும்போது கேட்டேன். "வெங்காயம் வதக்கினாலே ஊரைக் கூட்டுமே, இப்ப என்ன கேடு வந்துச்சு அதுக்கு?"

"பழசாயிருக்கும்" என்றார், வாளிக்குள் பார்த்தபடி. "நீ புடி. பேசிட்டே நிக்காதே."

"நான் நிக்கிறேனா? முள்ளைப் பார்க்காம விட்டது யாரு?"

"பார்க்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

இரண்டு பேருமே தேவைக்கு மேல் கத்தினோம். எனக்குத் தெரிந்து என் சத்தத்துக்குக் காரணம் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்த தக்கை.

ஒரு மணிக்கு என் போன் அடித்தது. பயத்தில் அதைக் கரைப்பாலத்தில், ஒரு கயிற்றுச் சுருளுக்குள் வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்தேன்.

"அம்மா! கிளம்பிட்டோம்! மாமா மெதுவாத்தான் ஓட்டுவாரு, நாலு மணி ஆயிடும். என் படுக்கை ரெடியா?"

வராதே என்று சொல்ல வேண்டும். எட்டு மாதம் கழித்து அந்தக் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"ரெடிடா தங்கம்" என்றேன்.

மூன்று மணிக்கு நாற்றம் போய்விட்டது. மூக்கின் மேல் நம்பிக்கை இல்லாமல் பெயிண்ட்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டுப் பள்ளத்தில் முகத்தை வைத்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார், ஓடிவிட்டார். இவர் புது ரப்பர் வளையம் போட்டு முடுக்கினார். சோப்பு நுரையைத் தடவினோம், ஒரு குமிழிகூட வரவில்லை. குழாய் நுழைகிற இடத்தையும் புது ரப்பர் பசை போட்டு அடைத்தார். பிறகு சிலிண்டரைத் திறந்து, முள்ளை ஏற்றி, மூடினார். இந்த முறை நானும் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிஷம் போதாதென்று இருபது நிமிஷம் நின்றோம். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கீழே வந்தால் அலாரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் எரிந்ததா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "இங்க பாரு. ஒண்ணும் ஆகல. எல்லாம் சரி பண்ணியாச்சு. உங்க அண்ணன் காதுல இது விழுந்துச்சுன்னா அவ்வளவுதான், பிள்ளையை இந்த ஜென்மத்துல அனுப்ப மாட்டாரு. எதுக்கு சொல்லணும்?"

நியாயமாகத்தான் பட்டது. சொல்லிவிட்டால் என்ன கிடைக்கும்? கசிவு நின்றுவிட்டது, துளை திறந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் என் பெண் இன்று என் பக்கத்தில் தூங்குவாள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. விரித்த படுக்கையை உதறி மறுபடி விரித்தேன். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தேன். களக் என்றது சுவருக்கு அந்தப் பக்கம். திறந்த துளை தண்ணீர் குடித்தது.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். அண்ணன் தோளில் ஒரு பையோடு, கரைப்பாலத்தின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணாடிமேல் நடக்கிற மாதிரி நடந்து வந்தார். அவள் ஓடி வந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். கட்டிக்கொண்டபோது அவள் தலை என் தாடையில் இடித்தது, அவ்வளவு உயரம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாப்ள, எல்லாம் சரியா இருக்கா?" என்றார் அண்ணன். "அந்த அலாரம்?"

"செய்யுது மச்சான். வந்து பச்சை லைட்டைப் பாருங்க."

"நீங்க சொன்னா சரி. நான் எதுக்குப் பார்க்கணும்? எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?" என்று சிரித்தார். உப்புப் பொட்டலத்தையே நம்பாத மனுஷன் சிரித்துக்கொண்டே பையை என்னிடம் நீட்டினார். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். "பாப்பா, இந்தா, இவ டிரஸ்ஸெல்லாம் இதுல இருக்கு."

நான் பையை வாங்கிக்கொண்டேன். அவள் படகில் ஒரு கால் வைத்துவிட்டாள். "நான் போய் என் பெட்ல படுத்துப் பார்க்கப் போறேன்!"

அந்தப் படுக்கை. தலையணைக்கு நேர் மேலே அந்த இடம்.

"ஏறாதே!"

காலையில் இவரிடம் போட்ட அதே கத்தல். அவள் அப்படியே நின்றாள். முகம் சுருங்கியது. நான் இடுப்பிலிருந்து தக்கையை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன். வாய் தானாகப் பேசியது. காலையில் முள்ளைப் பார்க்க வேண்டாம் என்றது, தக்கை, தீக்குச்சி, வாளி, எல்லாம் சொன்னேன். இவரைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன்.

"நீயா அடைச்சே?" என்றார் இவர். கோபமாக இல்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற மனுஷன் இப்போது கத்தவில்லை. பிறகு என் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "மச்சான், அலாரம் பழசில்ல. ஒம்போது நாளா நான்தான் அதோட ஃபியூஸைப் புடுங்கி வச்சிருந்தேன். மத்தியானம் கண்ணசந்தா போதும், கத்தும். எதுக்காச்சும் கத்தும். மூணு மணிக்குத்தான் திரும்பப் போட்டேன். உங்களுக்கு மெசேஜ் போட்டப்பகூட அது செத்துத்தான் கிடந்துச்சு."

சிக்னல்காரன்! நானோ என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். இவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணன் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தேதி தேடுகிற மாதிரியே. "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, பாப்பா."

"தெரிஞ்சிருக்காதுண்ணே."

"ஹும்." என் கையிலிருந்த பையை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இந்த லீவு வேண்டாம்மா. என் மனசு கேக்காது. நீயே சொல்லு, கேக்குமா?"

கேட்காது என்று தலையாட்டினேன். அதைவிடக் கஷ்டமான தலையாட்டல் என் வாழ்க்கையில் இல்லை.

அவள் இவ்வளவு நேரமும் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தமா இருக்குன்னா?" என்றாள். "தூக்கம் வரலன்னு ரெண்டு பேரும் இதைப் பண்ணீங்களா?"

"ஆமாடா."

"மாமா வீட்ல என் ரூமுக்கு மேலதான் தண்ணித் தொட்டி. பம்பு போட்டா கட்டில் ஆடும். எட்டு மாசமா ஆடுது. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அண்ணன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. எனக்குக் கண்ணீர் மூக்கு வழியாக வந்தது, ஜலதோஷம் மாதிரியே துடைத்துக்கொண்டேன்.

அவள் மாமாவின் கையிலிருந்து தக்கையை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இது என்கிட்ட இருக்கட்டும். நான் வர்றப்ப கொண்டு வரேன்." பிறகு அப்பாவின் பக்கம் கையை நீட்டினாள். இவருக்குப் புரியவில்லை. "ஃபியூஸ் எடுக்கிற இடுக்கி எங்கப்பா?" என்றாள். இவர் உள்ளே போய் அந்தச் சின்ன இடுக்கியைக் கொண்டு வந்து மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அதுவும் பைக்குள் போனது.

கார் துறைமுக வாசலைத் தாண்டும் வரைக்கும் நின்றோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன்தான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

உள்ளே வந்து அவள் படுக்கையில் உட்கார்ந்தேன். விரித்த விரிப்பில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஏதோ ஒரு படகு வெளியே போனது, அதன் அலை வந்து எங்கள் பின்பக்கத்தில் மோதியது. களக், களக், களக்.

இவர் வாசலில் வந்து நின்றார். "ரொம்பக் கேக்குதா?"

"கேக்கட்டும்" என்றேன்.

அவள் தக்கையைக் கொண்டு போனதுதான் சரி. அது இங்கே என் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு மாதத்தில் நான் மறுபடியும் அடைத்திருப்பேன்.